பிரிந்துபோன மாயக்கதைகளுக்குக் கட்டுப் போட்ட ஒரு மாதம்

ஏப்ரல் மாதத்தின் முதல் ஞாயிறன்று பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கித் திறந்தேன். சென்னையில் வேலை பார்த்த காலத்தில் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளிலும் திருவல்லிக்கேணி நடைபாதைகளிலும் வாங்கிச் சேர்த்த இளையோர் மாயக்கதை நாவல்களுள் ஐந்து மட்டுமே அதில் எஞ்சியிருந்தன. அந்த ஐந்தில் ஒன்றுகூட முழுப் புத்தகமாக இல்லை. ஒன்பதாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த என் தங்கை மகள் மே மாதத் தொடக்கத்தில் திருச்சிக்கு வந்து ஒரு மாதம் தங்கப் போகிறாள் என்றும், அவளுக்குப் படிக்க என்னிடம் உள்ள மந்திரவாதிக் கதைகளை எடுத்து வைக்குமாறும் தங்கை முதல் நாள்தான் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். புதிதாக வாங்கிக் கொடுத்திருக்கலாம். ஆனால் கையில் எடுத்ததும் இரண்டாகப் பிரிந்து மடியில் விழுந்த அந்தத் தடித்த புத்தகத்தைப் பழைய தாள்காரரிடம் எடை போட மனம் வரவில்லை.

அந்தத் தடித்த புத்தகம் எர்த்சீ என்னும் கற்பனைத் தீவுலகை வைத்து உர்சுலா லெ குவின் எழுதிய நாவல்களுள் முதல் நான்கையும் ஒரே அட்டைக்குள் அடக்கிய 'த எர்த்சீ குவார்டெட்' என்னும் தொகுதி. ஏறத்தாழ 700 பக்கம். மற்றவை டயானா வின் ஜோன்ஸின் 'ஹவுல்ஸ் மூவிங் காசில்', பிலிப் புல்மனின் 'த ஆம்பர் ஸ்பைகிளாஸ்', ஆஸ்திரேலியரான கார்த் நிக்ஸின் 'சாப்ரியல்', டமோரா பியர்ஸின் 'அலன்னா' ஆகியவை. புல்மனுடையது மட்டும் கெட்டி அட்டை. மீதி நான்கும் மெல்லட்டைப் பதிப்புகள். மெல்லட்டைப் புத்தகங்களில் தாள்களின் முதுகுப் பக்கத்தைச் சீவிவிட்டு, உருக்கிய பசையைச் சூடாகத் தடவி, அதன்மேல் அட்டையை ஒட்டியிருப்பார்கள்; தையல் கிடையாது. ஆண்டுகள் ஆக ஆக, அதுவும் நம் ஊர்ப் பரண் வெயிலில், அந்தப் பசை நெகிழ்வை இழந்து கண்ணாடிபோல் நொறுங்கத் தொடங்கும். ஓரிடத்தில் வெடித்தால் போதும், அந்த வெடிப்பின் இருபுறமும் உள்ள தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று வரும்.

எனக்குப் புத்தகக் கட்டு வேலையில் முன்பழக்கம் கிடையாது. ஆகவே மறுநாள் மாலை மலைக்கோட்டைப் பக்கம் ஒரு சந்தில், கணக்குப் பேரேடுகளையும் கல்லூரி ஆய்வேடுகளையும் கட்டிக் கொடுக்கும் முதியவர் ஒருவரிடம் ஐந்தையும் பையில் போட்டு எடுத்துச் சென்றேன். எர்த்சீத் தொகுதியைக் கையில் வாங்கி முதுகைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தவர், "இது அலமாரியில நிக்கணுமா, கையில நிக்கணுமாம்மா?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. அலமாரியில் நிற்பதற்கென்றால் நான்கு துளை போட்டுக் குறுக்காகத் தைத்து, காலிகோத் துணி ஒட்டிப் பத்து நிமிடத்தில் கொடுத்துவிடலாம் என்றும், அப்படித் தைத்த புத்தகம் நூறாண்டு பிரியாது, ஆனால் முழுதாக விரியவும் விரியாது, படிப்பவர் இரண்டு கையாலும் பிளந்து பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் அவரே விளக்கினார். பதினான்கு வயதுப் பெண் ஊஞ்சலில் சாய்ந்தபடி ஒரு கையில் பிடித்துப் படிக்க வேண்டும் என்றேன். "அப்ப விசிறிப் பசைதான். அது பொறுமை வேலை. எனக்கு நேரமில்லை, நீங்களே செய்யுங்க, சொல்லித் தர்றேன்" என்றார். அதன்பின் வந்த ஒவ்வொரு புத்தகத்திலும் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்று தயங்கியபோதெல்லாம் அவருடைய அந்தக் கேள்வியைத்தான் எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

விசிறிப் பசை என்று அவர் சொன்னதை 1930களில் ஜெர்மனியில் எமில் லும்பெக் என்பவர் ஒரு முறையாக வகுத்தார். இன்றும் மேலைநாட்டுக் கட்டுநர்கள் அவர் பெயராலேயே அதைச் சொல்வதுண்டு. தாள்க் கட்டை முதுகு மேலே தெரியுமாறு இரண்டு பலகைகளுக்கு நடுவே நிறுத்தி, முதுகுப் பக்கத்தை ஒருபுறமாக விசிறிபோல் சாய்த்தால் ஒவ்வொரு தாளின் ஓரமும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே தெரியும். அந்த ஓரங்களில் வெள்ளைப் பசையை மெல்லிதாகத் தடவ வேண்டும். பிறகு மறுபுறம் சாய்த்து அதேபோல் தடவி, நிமிர்த்தி, இறுக்கிக் காயவிட வேண்டும். இப்படிச் செய்தால் பசை தாளின் விளிம்பில் மட்டும் நிற்காமல் இரு பக்கங்களிலும் ஒரு மயிரிழை உள்ளே நுழைந்து ஒவ்வொரு தாளையும் அடுத்த தாளோடு பிணைக்கும், புத்தகம் மேசையில் தட்டையாக விரியும், பசையும் வளையும். மரவேலைக்கு விற்கும் வெள்ளைப் பசை காய்ந்தபின் விறைத்துவிடும் என்பதால், கைவினைப் பொருள் கடையில் புத்தகக் கட்டுக்கென்றே விற்கும், காய்ந்தபின்னும் ரப்பர்போல் வளையக்கூடிய பி.வி.ஏ. பசையை வாங்கினேன். தச்சரிடம் 12 அங்குலப் பலகைகள் இரண்டு, இரும்புக் கடையில் சி கிளாம்ப் நான்கு, பெயின்ட் கடையில் ஓரங்குலத் தூரிகை ஒன்று. செலவு என்று சொன்னால் இவ்வளவுதான்.

முதலில் எர்த்சீத் தொகுதியில் கை வைத்தேன். கடினமானதை முதலில் எடுக்கக் கூடாது என்பது எல்லாக் கைவேலைக்கும் பொது விதி. அதை மீறியதன் விலையைப் பிறகு கொடுத்தேன். புத்தகம் பிரிந்திருந்த இடத்தைப் பார்த்தபோது முதலில் சிரிப்பு வந்தது. இரண்டாம் நாவலான 'த டூம்ஸ் ஆஃப் ஆடுவான்' நூலின் ஐந்தாம் அத்தியாயத்தில் அது வெடித்திருந்தது. ஒளியே நுழையக்கூடாதென்று விதிக்கப்பட்ட நிலவறைக்குள், அதைக் காக்கும் இளம் பூசாரிணியான டெனார் முதன்முதலாக வெளிச்சத்தைக் காணும் அத்தியாயம் அது. முதுகில் வெடிப்பு விழும் இடம் பெரும்பாலும் படித்தவர் அதிக நேரம் விரித்து வைத்திருந்த இடம். பேருந்தில் நின்றுகொண்டே, ஒரு கையால் கம்பியைப் பற்றி, மறு கையில் புத்தகத்தைப் பின்பக்கமாக மடித்துப் படித்த அந்த மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மடித்தது நான்தான், ஆகவே வேறு எவரையும் குறை சொல்ல இடமில்லை.

இந்த இடத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. 700 பக்கத்தை ஒரே கட்டாக மீண்டும் ஒட்டினால் அதன் எடையே அடுத்த வெடிப்புக்குக் காரணமாகும். ஆனால் லெ குவின் இந்நான்கையும் ஒரே நூலாக எழுதவில்லை. முதல் நாவல் 1968இல் வெளிவந்தது. பெர்க்லியில் இயங்கிய பர்னாசஸ் பிரஸ் என்ற சிறு பதிப்பகத்தார் பதின்பருவத்தினருக்காக ஒரு நூல் எழுதித் தருமாறு கேட்டதன் விளைவு அது. இரண்டாவது 1971இலும் மூன்றாவது 1972இலும் வந்தன. நான்காவதான 'தெஹானு'வுக்கு வாசகர்கள் 1990 வரை, பதினெட்டு ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. தனித்தனியாகப் பிறந்தவற்றைப் பதிப்பாளர் ஒன்றாக்கினார் என்றால் நான் மீண்டும் தனித்தனியாக்குவதில் பிழையில்லை என்று தோன்றியது. என் பிரதியில் ஒவ்வொரு நாவலும் புதிய தாளில் தொடங்கியதால் வெட்டுவதற்கும் தடையில்லை. இதற்கு நேர்மாறான கதை பெட்டியிலிருந்த இன்னொரு புத்தகத்துக்கு உண்டு: டமோரா பியர்ஸ் பெரியவர்களுக்கான ஒரே நீண்ட நாவலாக எழுதியதைப் பின்னர் இளையோருக்கென நான்கு நூல்களாகப் பிரித்தார்; அந்நான்கின் முதலாவதுதான் 1983இல் வெளிவந்த 'அலன்னா'.

பிரிப்பது எளிதாக இருந்தது; சுத்தம் செய்வதுதான் இடுப்பை ஒடித்தது. பழைய பசை வெடித்த இடங்களில் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உதிராத இடங்களில் தலைமுடி உலர்த்தியால் சற்றே சூடேற்றி, மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுத்தேன். எடுத்தபின் ஒவ்வொரு தாளையும் எண் வரிசைப்படி சரிபார்க்க வேண்டும் என்பதால், சரிபார்க்கும் சாக்கில் முழுவதையும் மறுபடி படித்தேன். உதிரித் தாள்களாக ஒரு நாவலைப் படிப்பது விநோதமான அனுபவம். படித்த தாள் இடப்பக்கம் குவியும், படிக்காதது வலப்பக்கம் குறையும். புரட்டிப் பின்னால் போவது சிரமம் என்பதால் ஒவ்வொரு வரியையும் முதல் தடவையிலேயே கவனமாக வாங்கிக்கொள்ள நேர்கிறது.

அப்படிப் படித்தபோதுதான் முன்பு கண்ணில் படாத ஒன்று பட்டது. முதல் நாவலில் இளம் மந்திரவாதியான கெட் தன்னைத் துரத்தும் நிழலைத் தானே துரத்திச் செல்லும் வழியில், மணல் திட்டொன்றில் படகு உடைந்துபோக, கிடைத்த மரத்துண்டுகளை மந்திரத்தால் சேர்த்துப் படகாக்கிக் கடலில் இறங்குகிறான். அந்தப் படகில் மரத்தைவிட மந்திரம்தான் அதிகம். அவன் மனம் தளர்ந்தால் அது சிதறிவிடும். பிறகொரு தீவில் கிழவர் ஒருவர் தன் படகைக் கொடுத்து இதை வாங்கிக்கொள்ள முன்வரும்போது, இது வெறும் மந்திரக் கட்டு என்பதை மறைக்காமல் சொல்லும் கெட், அவருடைய படகைப் பெற்றுக்கொண்டு அவர் கண்ணின் புரையைக் குணமாக்கிக் கைம்மாறு செய்கிறான். இரண்டாம் நாவலிலோ, நூற்றாண்டுகளாக இரண்டு துண்டாய்ப் பிரிந்து கிடந்த எர்ரெத்-அக்பேயின் வளையம், முன்பு உடைந்ததே இல்லை என்பதுபோல் ஒன்றாகிவிடுகிறது. ஒரே ஆசிரியர், ஒரே மந்திரவாதி, இரண்டு வகையான பழுதுபார்ப்பு. செலோடேப் ஒட்டிய புத்தகம் அந்தப் படகைப் போன்றது என்று அன்றிரவு எண்ணிக்கொண்டேன். நான் ஒட்டப்போவது வளையம்போல் ஆகும் என்ற நம்பிக்கையும் இருந்தது.

அந்த நம்பிக்கை இரண்டு நாள்கூட நிற்கவில்லை. முதல் கட்டுக்கு நான் பசை தடவியது பிற்பகல் மூன்று மணிக்கு, மின்விசிறிக்கு நேர் கீழே. ஏப்ரல் வெயிலில் திருச்சியில் விசிறியை நிறுத்த யாருக்கும் கை வராது. ஒருபுறம் தடவி மறுபுறம் சாய்ப்பதற்குள் முதல் புறத்தில் பசை ஆடை கட்டிவிட்டது. ஆடை கட்டிய பசை தாளுக்குள் இறங்காது. பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுத்து விரித்தால், நடுவில் இருபது தாள் கொத்தாகக் கையோடு வந்தது. மறுபடி சுரண்டி, முதுகை உப்புத்தாளால் தேய்த்து, இந்த முறை விடியற்காலை ஐந்தரை மணிக்கு, விசிறியை அணைத்துவிட்டு, பசையில் சில துளி நீர் சேர்த்துத் தடவினேன். முதுகின் குறுக்கே இரும்பு அறுக்கும் ரம்பத் தகட்டால் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஐந்து கீறல் போட்டு, அவற்றில் பருத்தி நூலைப் பதித்து ஒட்டினால் இன்னும் உறுதி என்று முதியவர் சொல்லியிருந்ததையும் செய்தேன். அதன்மேல் மருந்துக் கட்டுத் துணிபோன்ற கண்ணறைத் துணி, அதன்மேல் தாள்ப் பட்டை. மறுநாள் காலை எடுத்துப் பார்த்தபோது, நடுப்பக்கத்தில் விரித்து மேசைமேல் வைத்தால் கையை எடுத்த பிறகும் அது விரிந்தபடியே கிடந்தது.

தொகுதியை நான்காகப் பிரித்ததில் எதிர்பாராத இரண்டு சிக்கல்கள் வந்தன. தீவுக்கூட்டத்தின் வரைபடம் தொடக்கத்தில் ஒருமுறைதான் அச்சாகியிருந்தது. கதையை எழுதுமுன் லெ குவின் வரைந்துகொண்டது அந்த வரைபடம்தான். எந்தத் தீவு எங்கே என்று தெரியாமல் மூன்றாம் நாவலின் கடற்பயணத்தைப் பின்தொடர முடியாது. ஆகவே நகலெடுத்து மற்ற மூன்றிலும் முன்தாளாக, அதாவது அட்டையைத் திறந்ததும் வரும் முதல் தாளாக, வைத்தேன். இரண்டாவது, மேலட்டை. நான்கு புத்தகங்களுக்கு ஓர் அட்டை போதாது. கெட் செம்பழுப்பு நிறத்தவன், அவன் ஊர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் என்று ஆசிரியர் தெளிவாக எழுதியிருந்தும், அட்டைப்படங்கள் அவனை வெள்ளையனாகவே காட்டியதைப் பற்றி லெ குவின் பல ஆண்டுகள் மனம் நொந்து பேசியும் எழுதியும் வந்தார். நான் ஓவியம் வரையத் தெரியாதவள் என்பது இந்த இடத்தில் நன்மையாக முடிந்தது: பழுப்புக் கெட்டித் தாளில் பெயரை மட்டும் எழுதி ஒட்டினேன், முகமே இல்லை.

பசை காயும் இடைவெளிகளில் 'ஹவுல்ஸ் மூவிங் காசில்' மேசைக்கு வந்தது. 1986இல் வெளிவந்த இந்த நாவலை ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகி 2004இல் திரைப்படமாக்கிய பிறகு பலரும் அறிந்திருக்கிறார்கள். ஆனால் மூலத்தில் உள்ள நக்கல் படத்தில் பாதிகூட இல்லை என்பது என் கருத்து. டயானா வின் ஜோன்ஸ் ஆக்ஸ்போர்டில் படித்தபோது, 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீனுடைய விரிவுரைகளைக் கேட்டவர். டோல்கீன் கரும்பலகையைப் பார்த்து முணுமுணுத்தபடியே பாடம் நடத்துவார் என்று பின்னாளில் நினைவுகூர்ந்தவர். பெருங்காவிய மிடுக்கைத் தன் கதைகளில் அவர் எங்கும் தலைதூக்க விடாததற்கு அந்த விரிவுரைகளும் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சூனியக்காரியின் சாபத்தால் ஒரே நாளில் கிழவியாகிவிடும் தொப்பிக்கடைப் பெண் சோஃபி, வயதானதும் செய்யும் முதல் காரியம் யாரைப் பற்றியும் அஞ்சாமல் பேசத் தொடங்குவதுதான்.

இந்தப் பிரதியின் நோய் வேறு. முதுகு உறுதியாக இருந்தது. ஆனால் எனக்கு முன் இதை வைத்திருந்த யாரோ முதல் சில தாள்களைக் கிழித்து, பின் வருந்தி, செலோடேப்பால் ஒட்டியிருந்தார்கள். டேப் ஆண்டுக்கணக்கில் தாளில் கிடந்தால் அதன் பசை தாளுக்குள் ஊறி மஞ்சளாகி, மேலுள்ள படலம் மட்டும் தனியே உரிந்து வரும். சூடான காற்றை ஒரு சாண் தூரத்திலிருந்து காட்டி, படலத்தின் நுனியைத் தாளோடு ஒட்டினாற்போல் பின்னோக்கி மெல்ல மடக்கி இழுத்தேன்; மேல்நோக்கி இழுத்தால் அச்செழுத்தும் சேர்ந்து வந்துவிடும். எஞ்சிய பிசுக்கைக் கிரேப் ரப்பரால் உருட்டி உருட்டி எடுத்தேன். கறை போகவில்லை. அசிட்டோன் போன்ற கரைப்பான்களால் போக்கலாம், ஆனால் காப்பகங்களில் பயிற்சி பெற்றவர்கள் காற்றோட்டமான அறையில் செய்யும் வேலை அது. எழுத்து கலையுமோ என்ற அச்சத்தில் கறையைக் கறையாகவே விட்டேன்.

கிழிசலை ஒட்ட மைதாப் பசையும் ஜப்பானிய கோசோத் தாளும். ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு நீரில் கட்டியின்றிக் கரைத்து, அடுப்பைச் சிறுதீயில் வைத்து, கண்ணாடிபோல் தெளியும்வரை கிளறி இறக்கி, ஆறியபின் மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். நம் ஊர்க் கட்டுநர்கள் பூச்சி வராதிருக்க இதில் மயில்துத்தம் சேர்ப்பது வழக்கம். அது நஞ்சு, செம்பு கலந்த உப்பு நாளடைவில் தாளையும் அரிக்கும். பிள்ளைகள் கையில் புழங்கும் புத்தகம் என்பதால் நான் சேர்க்கவில்லை. அதற்குப் பதில் அன்றன்றைக்கு இரண்டு கரண்டிப் பசை மட்டும் காய்ச்சி, மிச்சத்தைக் கொட்டிவிட்டேன், இந்த வெயிலில் அது மறுநாள் காலைக்குள் புளித்துவிடும். கோசோத் தாளைக் கத்தரிக்கக் கூடாது. தூரிகையால் நீர்க்கோடு போட்டு, ஈரம் இறங்கியதும் கையால் பிய்க்க வேண்டும். அப்போதுதான் ஓரத்தில் நீண்ட நார்கள் மீசைபோல் நீட்டிக்கொண்டு, ஒட்டும் தாளோடு கலந்து கோடு தெரியாமல் படியும். சோஃபி தொப்பிகளை அலங்கரித்தபடி அவற்றோடு பேசுவாள், பேசிய சொற்படி அவற்றுக்கு உயிர் வரும். நானும் அந்தத் தாளிடம் அன்று வாய்விட்டே கெஞ்சினேன். ஓரிடத்தில் மட்டும் சுருங்கியது.

ஒட்டி முடித்த தாள்களுள் ஒன்றில்தான் ஆசிரியரின் நன்றிக்குறிப்பு இருந்தது. ஒரு பள்ளிக்குச் சென்றிருந்தபோது, நகரும் கோட்டை என்ற பெயரில் ஒரு நூல் எழுதச் சொல்லி ஒரு சிறுவன் கேட்டானாம். அவன் பெயரை எழுதி மிகப் பத்திரமான இடத்தில் வைத்ததால் அதன்பின் அது கிடைக்கவே இல்லையாம். முன்பு பலமுறை படித்தும் அந்தக் குறிப்பை நான் பார்த்ததில்லை, டேப்பின் மஞ்சளுக்கு அடியில் இருந்ததால்.

'சாப்ரியல்' பற்றிச் சொல்ல அதிகமில்லை. இராமபாணப் பூச்சி முதுகுப் பசையைச் சுவைத்திருந்தது, மேல் ஓரத்தில் பூஞ்சை. பூஞ்சையை மொட்டைமாடியில் முகக்கவசத்துடன் உலர்ந்த தூரிகையால் துடைத்துவிட்டு, புத்தகத்தைக் காற்றுப் புகாத பையில் இட்டு இரண்டு வாரம் உறைபெட்டியில், பச்சைப் பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். பூச்சியும் முட்டையும் அந்தக் குளிரில் மடியும். வெளியே எடுத்ததும் பையை உடனே திறக்காமல் ஒரு நாள் விட வேண்டும், இல்லையேல் தாளில் நீர் கோத்துவிடும். 1995இல் வெளிவந்த இந்நாவலில் மரணம் என்பது ஒன்பது வாயில்கள் கொண்ட குளிர்ந்த ஆறு. அதற்குள் நடந்து செல்பவரின் உடல் இந்தப் பக்கத்தில் உறைபனி படிந்து நிற்கும். வெண்பனி படிந்த பையை வெளியே எடுத்தபோது நான் தனியே சிரித்ததன் காரணத்தை வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை.

மாதத்தின் மூன்றாம் வாரம் முழுவதையும் 'த ஆம்பர் ஸ்பைகிளாஸ்' விழுங்கியது. 2000இல் வெளிவந்து, 2001ஆம் ஆண்டுக்கான பிரிட்டனின் விட்பிரெட் இலக்கிய விருதுகளில் ஒட்டுமொத்த முதற்பரிசைப் பெற்ற முதல் சிறுவர் நூல் இது. கெட்டி அட்டை என்பதால் உள்ளே பார்ம் பார்மாக, மடித்த தாள்களைக் கொத்துக் கொத்தாக, தைத்திருப்பார்கள் என்று நம்பியிருந்தேன். என் பிரதியில் இருந்தது வெறும் ஒட்டுதான். நல்ல வேளையாக அந்த ஒட்டு இன்னும் பிடித்திருந்தது. முன்னட்டை மூட்டில் கிழிந்து தொங்கியது, பின்னட்டை மூட்டு தளர்ந்திருந்தது. தளர்ந்த மூட்டுக்கு எளிய வைத்தியம் உண்டு: பின்னலூசியில் பசையைத் தோய்த்து, முதுகுக்கும் அட்டைக்கும் இடையிலுள்ள இடைவெளியில் மேலிருந்து கீழாக உருட்டிவிட்டு, மூட்டின் பள்ளத்தில் அதே ஊசியை வைத்து அழுத்திக் காயவிட்டால் போதும். கிழிந்த பக்கத்துக்குப் புதிய கண்ணறைத் துணியும் புதிய முன்தாளும் தேவைப்பட்டன.

முன்தாளில்தான் தவறினேன். எல்லாத் தாளுக்கும் நார் ஓடும் திசை ஒன்று உண்டு. புத்தகத்தில் அது முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். தாளை இரு திசையிலும் மெல்ல வளைத்துப் பார்த்தால் எளிதில் வளையும் பக்கம் எது என்று கையே சொல்லிவிடும். அதைப் பார்க்காமல், அளவு சரியாக இருக்கிறதே என்று குறுக்காக வெட்டி ஒட்டினேன். ஈரத்தில் தாள் தவறான திசையில் விரிந்து, காயும்போது சுருங்கி, மறுநாள் காலை அட்டை முதலை வாயைப்போல் பிளந்து நின்றது. எடை ஏற்றி அழுத்திப் பார்த்தும் பயனில்லை. நீர் தெளித்து உரித்து, வேறு தாள் வெட்டி, மறுபடி ஒட்டியதில் மூன்று நாள் போயிற்று. உரித்த இடத்தில் அட்டையின் மேற்படலம் திட்டுத் திட்டாகப் பெயர்ந்து, புதுத் தாளின் அடியில் மேடு பள்ளமாக இன்றும் தெரிகிறது.

அந்த மூன்று நாளில் நான் படித்துக்கொண்டிருந்த அத்தியாயம் உலைக்கூடம். உலகங்களுக்கிடையே சாளரம் வெட்டும் நுண்கத்தி, அதைப் பிடித்திருந்த வில் என்ற சிறுவன் தன் தாயை நினைத்த கணத்தில் துண்டு துண்டாக உடைந்துபோகிறது. கவசக்கரடி இயோரெக் அதை நெருப்பில் இட்டுச் சேர்க்கும்போது, ஒவ்வொரு துண்டையும் வில் தன் மனத்தால் இறுகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. சேர்ந்த கத்தி பழைய கத்தி அல்ல. அதன் மேனி மங்கி, ஒட்டிய இடமெல்லாம் வடுவாகத் தெரியும். ஆனால் வெட்டும். எர்த்சீயின் வளையத்தைவிட இந்தக் கத்திதான் என் வேலைக்கு நெருங்கியது என்பதை அந்த மேடுபள்ளத்தைத் தடவிப் பார்த்து ஒப்புக்கொண்டேன். லெ குவின் எழுத்தின் அமைதி எனக்கு எப்போதும் புல்மனின் வேகத்தைவிட உவப்பானது. ஆயினும் பட்டறையின் வெக்கையும் சலிப்பும் கைவலியும் புல்மனிடம்தான் இருக்கின்றன.

கடைசியாக 'அலன்னா'. இரட்டையரான சகோதரனோடு இடம் மாறி, ஆண்பிள்ளை வேடத்தில் அரண்மனைக்குச் சென்று போர்வீரனாகப் பயிற்சி பெறும் பெண்ணின் கதை. தங்கை மகளுக்கு இதுதான் முதலில் பிடிக்கும் என்று நான் கணித்து வைத்திருந்தேன். பிரதி, மரக்கூழைச் சுத்திகரிக்காமல் செய்த மலிவுத் தாளில் அச்சான சிறு பதிப்பு. இத்தகைய தாளில் எஞ்சியிருக்கும் லிக்னின் என்ற மரப்பொருளும் உற்பத்தியின்போது சேர்க்கும் படிகாரத்தின் அமிலமும் சேர்ந்து, தாளை உள்ளிருந்தே தின்றுகொண்டிருக்கும். ஒரு தாளின் மூலையை மடித்து, திருப்பி மடித்தேன். முறுக்கு ஒடிவதுபோல் ஒடிந்தது. விசிறிபோல் சாய்த்தால் ஒவ்வொரு தாளும் முதுகோரத்தில் இப்படித்தான் ஒடியும். முதியவரிடம் எடுத்துச் சென்று காட்டினேன். ஒரே ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இதுக்கு நான் கை வைக்க மாட்டேன்மா. பசை பிடிக்கும், தாள் பிடிக்காது" என்றார்.

'தெஹானு'வில், நெருப்பில் எறியப்பட்டு முகத்தின் ஒரு பாதியும் ஒரு கையும் கருகிய சிறுமியை டெனார் எடுத்து வளர்க்கிறாள். மந்திரங்களின் உலகமான எர்த்சீயில் அந்தக் காயத்தை ஆற்ற எந்த மந்திரமும் இல்லை. வளையத்தைச் சேர்த்தவனே இப்போது ஆற்றலை இழந்து ஆடு மேய்க்கிறான். இளையவளாக இருந்தபோது இந்த நாலாவது நூல் எனக்குச் சலிப்பூட்டியது, பாதியில் வைத்துவிட்டேன். இந்த ஏப்ரலில் உதிரித் தாள்களாகப் படித்தபோதுதான் நான்கிலும் இதுவே பெரியது என்று தோன்றிற்று. 'அலன்னா'வின் தாள்களை வரிசையாக அடுக்கி, அமிலமற்ற தாளில் சுற்றி, கெட்டி அட்டையில் ஒரு பெட்டி செய்து உள்ளே வைத்தேன். படிப்பதற்கு வேறு பிரதி வாங்கியாயிற்று. அதன் முதுகும் ஒட்டுதான்.

மே மூன்றாம் தேதி தங்கை மகள் வந்தாள். என் கணிப்பு பொய்த்தது. புதுப் பிரதியை ஏறெடுத்தும் பார்க்காமல், முகமில்லாத பழுப்பு அட்டைகளில் முதலாவதை எடுத்துக்கொண்டு ஊஞ்சலுக்குப் போனாள். இரண்டாவதையும் முடித்துவிட்டு நான்காம் நாள் மாலை திருப்பிக் கொடுத்தபோது ஐந்தாம் அத்தியாயத்தில் விரித்துப் பார்த்தேன். முதுகு வெடிக்கவில்லை, ஒரு தாளின் நுனியில் மட்டும் மாங்காய்ப் பொடிக் கறை. மூன்றாவது நாவலில் எட்டுத் தாள் தளர்ந்திருந்ததை அன்று காலைதான் கண்டு மறுபடி பசை தடவிக் கிளாம்பில் இறுக்கியிருந்தேன்.

"பெரியம்மா, இதை இப்பவே எடுக்கக் கூடாதா?"

"நாளைக் காலை ஆறு மணிக்கு."

அவள் பலகைகளுக்கு நடுவே தெரிந்த தாள் விளிம்பைக் குனிந்து பார்த்தாள். பிறகு போய் வீட்டுக் கடிகாரத்தில் ஐந்தரைக்கு மணி வைத்துவிட்டு வந்தாள்.